மாரிகால இராச்சாப்பாடும் மீதச்சோறும்
(குடும்பமாகவும் மாதர் குழுக்களிலும் படித்துக் கலந்துரையாட)

ஐயாயிரம் பேருக்கு உணவளித்த பின்னர், மீந்ததை வீணாக்காமல் சேர்த்தெடுக்கும்படி ஆண்டவர் இயேசு சீடர்களிடம் சொன்னதை யோவான் நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. எவ்வளவும் கொடுக்க வல்லவரே மீதத்தையும் பெறுமதியுள்ளதாகக் கருதினார்.

ஊரில் இருந்த காலத்தில் மீதச்சோறு நமக்கு ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. கழுநீரும் கஞ்சியும் மாட்டுக்குப் போயின. மீந்த சோறு கோழிக்கும் நாய்க்கும் போயிற்று. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் 30இல் கொட்டும் மழையில் வலிகாமம் முழுவதிலுமிருந்தும், 2009இல் வன்னியிலிருந்தும் வெளியேறிய குடும்பங்கள் வீடு வளவோடு இந்த ஒழுங்கையும் இழந்தன. நெல் விளைவித்த கைகள் கடையில் அரிசி வாங்கும் நிலை வந்தது. சொந்த நிலத்துக்கு இன்னமும் திரும்ப முடியாத குடும்பங்களுக்கு ஒரு பிடி சோறும் காசுதான்.

மாரியில் இந்தக் கஷ்டம் கூடுகிறது. கூலிவேலை குறைகிறது. விறகு நனைகிறது. நிலத்தடி நீர் மேலெழுவதால் மலசலகூடக் குழிகளின் அழுக்கு கிணற்று நீரோடு கலக்கக்கூடும். எனவே சோற்றை வீணாக்காமலும் இருக்கவேண்டும். அதனால் வயிற்றோட்டம் வராமலும் காக்கவேண்டும். இவ்விரண்டையும் எப்படிச் செய்வது என்பதே இப்பாடம்.

1. அளவு

சமைக்காத அரிசி, ஈரம் படாமல் வைத்தால், மாதக்கணக்கில் இருக்கும். சமைத்த சோறு ஓர் இரவுதான். ஒரு வீட்டில் தினமும் கால் சுண்டு அரிசிச் சோறு மீந்தால் மாதத்துக்கு ஏழரைச் சுண்டு அரிசி ஆகிறது. ஆகவே ஒரு கிழமைக்கு மீதத்தைக் கவனித்துப் பார்ப்போம். தினமும் மீந்தால் உலையில் போடும் அரிசியைக் குறைத்து, அந்தப் பிடியரிசியை வேறொரு பாத்திரத்தில் சேர்ப்போம். வேலையில்லாத நாளுக்கு அது உதவும்.

2. குளிரை நம்பவேண்டாம்

“மாரிக்குளிர்தானே, சோறு பழுதாகாது” என்று பலர் எண்ணுகிறோம். இது தவறு. மார்கழி, தை இரவுகளிலும் யாழ்ப்பாணத்தில் 22, 23 பாகை செல்சியஸ் வெப்பம் இருக்கும். குளிர்சாதனப் பெட்டிக்குள் 5 பாகை அல்லது அதற்குக் குறைவாக இருப்பதாலேதான் அங்கே கிருமிகள் மெதுவாகப் பெருகுகின்றன. நம் குசினிக்குள் அந்தக் குளிர் ஒருநாளும் வராது.

அரிசியில் பசிலஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருப்பதுண்டு. சோறு வேகும்போதும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. ஆகவே சோற்றை அடுப்பால் இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், அல்லது தண்ணீர் ஊற்றிவிட வேண்டும்.

3. ஓர் அடுப்பில் இரண்டு வேளை

விறகு குறைந்த வீட்டில் பெரிய உலையை மத்தியானம் வைக்காமல் மாலை நாலரை மணியளவில் வைப்பது நல்லது. முதலில் ஒரு பானை தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, மூடி ஆறவிடுவோம். பின்னர் அதே நெருப்பில் சோறும் கறியும் ஆக்குவோம். பிள்ளைகளுக்குச் சூடான இராச்சாப்பாடு கிடைக்கும்.

எல்லோரும் சாப்பிட்டவுடன் மீந்த சோற்றைச் சுத்தமான சட்டியில் போட்டு, அந்தக் கொதித்தாறிய நீரை ஊற்றி மூடிவைப்போம். பச்சைக் கிணற்றுநீர் ஊற்றக்கூடாது. கையால் அளையாமல் அகப்பையைப் பயன்படுத்துவோம். தண்ணீர் சோற்றின் சூட்டைத் தணிக்கிறது. இரவில் உண்டாகும் புளிப்பும் பல கிருமிகளைத் தடுக்கிறது. காலையில் உப்பு, வெங்காயம், பச்சைமிளகாய், கிடைத்தால் தயிர் அல்லது தேசிக்காய்ப்புளி சேர்த்தால் பழஞ்சோறு தயார். அன்று காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

கறியில் தேங்காய்ப்பால் விட்டால் விரைவில் பழுதாகும். பால் விட்ட கறியை மறுநாளுக்கு வைக்காமல் அன்றிரவே முடிப்போம்.

4. மீதத்தில் செய்யக்கூடியவை

இலைக்கஞ்சி: இரவுச் சோறு குறைவாக இருந்தால் அதில் தண்ணீர், உள்ளி, மிளகு, உப்பு சேர்த்துக் கொதிக்கவைத்து, முருங்கையிலை, வல்லாரை, முசுமுசுக்கை ஆகியவற்றில் கிடைப்பதை அரிந்து போடலாம். மழைக்குப் பின் வேலியோரத்தில் இவை தளைத்து நிற்கும். இரண்டு பேருக்கான சோறு நான்கு பேருக்குக் காணும்.

சோற்று ரொட்டி: சோற்றை மசித்து, கோதுமை மா அல்லது குரக்கன் மா, தேங்காய்ப்பூ, வெங்காயம், உப்பு சேர்த்துக் குழைத்துத் தட்டிச் சுடலாம்.

குழையல்: மீந்த கறிகளை ஒரே சட்டியில் நன்றாகக் கொதித்து வற்றும்வரை சூடாக்கி, சோற்றைப் போட்டுக் குழைத்து, பிள்ளைகளைச் சுற்றி இருத்திக் கைகளில் உருட்டிக் கொடுப்பது நம் அம்மாக்களின் வழக்கம்.

புட்டுக் கொத்து: மீந்த புட்டை உதிர்த்து, தாளித்த வெங்காயம், மிளகாயுடன் பிரட்டலாம். முட்டை இருந்தால் நல்லது.

5. மீதத்தை யார் சாப்பிடுவது?

நம் வீடுகளில் மீதம் என்றால் அம்மாவுக்கு என்று ஆகிவிட்டது. எல்லோருக்கும் பரிமாறி, கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுபவள் அவளே. “கொட்ட மனமில்லை” என்று மணம் மாறியதையும் அவளே விழுங்குகிறாள். அவள் வயிற்றோட்டத்தில் படுத்தால் வீடே படுத்துவிடும். நல்ல மீதத்தை எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவோம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் புதிதாகச் சமைத்ததையே கொடுப்போம். பிசுபிசுத்த, நிறம் மாறிய, கெட்ட மணமுள்ள சோறு ஒருவருக்கும் வேண்டாம். அதைக் கூட்டெருக் குழியில் போட்டு மண்ணால் மூடுவோம். அதுவும் வீணல்ல, வாசலில் நிற்கும் மிளகாய்க் கன்றுக்குப் பசளையாகும்.

கலந்துரையாட:

1. நம் வீட்டில் கடந்த கிழமை எத்தனை நாள் சோறு மீந்தது? அது எங்கே போயிற்று?
2. பழஞ்சோற்றுக்கு எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம்?
3. இரவில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்? அவருக்கு என்ன மிஞ்சுகிறது?

செய்து பார்க்க: அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, ஒவ்வொரு குடும்பமும் ஒரு கிழமையில் மிச்சம்பிடித்த பிடியரிசியைக் கொண்டுவருவோம். எல்லாவற்றையும் ஒன்றாக அளந்து, அந்தக் கிழமை வேலை கிடைக்காத வீட்டுக்குக் கொடுப்போம்.