மொட்டை மலை என்று சொல்லாதே

அன்புத் தம்பிக்கு,

கோடை விடுமுறையில் வீட்டாரோடு மூணாறு போவதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. அடுத்த வரியிலேயே, "இரவிகுளம் தேசியப் பூங்கா வெறும் மொட்டை மலைதானாமே, மரங்களையெல்லாம் வெட்டிவிட்டார்களா?" என்று கேட்டிருந்தாய். பயணத் திட்டம் பிறகு. முதலில் இதைத் தீர்த்துவிட வேண்டும்.

அந்தப் புல்வெளி மரம் வெட்டியதால் வந்ததல்ல. காடு வெட்டப்பட்ட இடம், எல்லோரும் நின்று படமெடுத்துக்கொள்ளும் தேயிலைச் சரிவுதான். 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் காடு தோட்டமானது. உயரத்திலிருந்த புல்வெளியைத் தோட்ட அதிகாரிகள் வேட்டைக்கென்று விட்டுவைத்தார்கள். 1971இல் கேரள அரசு சட்டம் இயற்றி அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. 1975இல் அது சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு, புல்லாகத் தெரிவதெல்லாம் அழிவு என்று படித்தவர்களே பேசுவதைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது.

மரம் ஏன் மேலே ஏறவில்லை? பூங்காவுக்குள் நிற்கும் ஆனைமுடி 2,695 மீட்டர் உயரம். தென்னிந்தியாவில் அதற்கு மேல் சிகரம் கிடையாது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த சரிவுகளில் உறைபனி விழும். சோலை என்னும் மலைக்காட்டு மரத்தின் இளங்கன்று அதில் கருகிப்போகும். காற்று தணிந்து ஈரம் தங்கும் மலை மடிப்புகளில் மட்டும் சோலை பிடித்து நிற்கிறது. நெருப்புக்கும் இதில் பங்குண்டு. ஆனால் மனிதக் கோடரிதான் காரணம் என்பது நிற்காது. நீலகிரிச் சதுப்புகளின் அடியில் படிந்த மட்கை ஆராய்ந்து, ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அந்த உயரத்தில் புல் பரந்திருந்ததை அது காட்டுகிறது. கல்லூரி நூலகத்தில் கேட்டு வாங்கிப் படி.

இதெல்லாம் தெரியாமல்தான் நீலகிரியில் புல்வெளியைத் தரிசு என்று நினைத்துச் சீகையும் கற்பூர மரமும் நட்டார்கள். அந்தச் சீகையைப் பிடுங்கி எறிய இன்று வனத்துறை படும் பாடு கொஞ்சமல்ல.

புல் என்ன செய்கிறது என்றும் கேட்பாய். மழையை வாங்கி மண்ணுக்குள் வைத்து, மெல்ல மெல்ல ஓடைக்கு விடுகிறது. ஆனைமுடியின் கிழக்குப் பக்கத்துத் தண்ணீர் பாம்பாறாக இறங்கி, அமராவதியில் கலந்து, உடுமலை, தாராபுரம், கரூர் வயல்களைத் தொட்டுக் காவிரிக்குப் போகிறது. உன் ஊர்ச் சோற்றுக்கும் அந்த 'மொட்டை'க்கும் இவ்வளவு நெருக்கம்.

வரையாடும் அந்தப் புல்லை நம்பித்தான் இருக்கிறது. ஜார்ஜ் ஷாலர் எழுதிய 'தி மவுண்டன் மோனார்க்ஸ்' என்ற நூல் 1977இல் வந்தது. இமயமலை ஆடுகளைப் பற்றிய அந்தப் பெரிய புத்தகத்தில் நம் வரையாட்டுக்கும் இடம் தந்திருக்கிறார். அப்போது அதை இமயத்துத் 'தார்' என்ற காட்டாட்டுக்கு உறவாக வைத்திருந்தார்கள். 2005இல் மரபணுவைப் பார்த்தபோது அது செம்மறி இனத்துக்குத்தான் நெருக்கம் என்று தெரிந்தது. தனிப் பேரினமாகவே பிரித்துவிட்டார்கள். 2025இல் கேரளமும் தமிழகமும் சேர்ந்து எடுத்த கணக்கில் மொத்தம் 2,600க்குச் சற்று மேல். உலகில் வேறெங்கும் இயற்கையாக அது கிடையாது. ஒரே இடத்தில் மிக அதிகமாக வாழ்வது இரவிகுளத்தில்தான்.

இனி பயணம். குட்டி ஈனும் காலமென்று பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள். ஏப்ரலில் திறந்தால் தாயோடு குட்டிகளைப் பார்க்கலாம். உன் கோடை விடுமுறை அதற்குப் பொருந்துகிறது. மழைக்காலமான ஜூலை, ஆகஸ்டுக்குத் தள்ளிப்போடாதே. 2020 ஆகஸ்டில் பூங்காவின் சுற்றுலாப் பகுதியான ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து 70 உயிர்கள் போயின. பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள்.

உடுமலை வழியாகவே ஏறுங்கள். சின்னாறின் முள்காடு, மறையூரின் சந்தன மரங்கள், பெருங்கற்காலக் கல்லறைகள், பிறகு தேயிலை, கடைசியில் புல் என்று ஒரே பகலில் எல்லாம் வரும். மழை மறைவு என்று நீ படித்ததைக் கண்ணால் பார்க்கும் பாதை அது. மூணாறில் நல்லதண்ணித் தேயிலை அருங்காட்சியகத்துக்கு ஒரு பிற்பகல் ஒதுக்கு. அந்த ஊருக்கு ரயில் இருந்ததும், 1924 வெள்ளம் அதை அடித்துப்போனதும் தெரிந்துகொண்டு வா.

ராஜமலைக்குக் காலையிலேயே போய்விடு. பிற்பகலில் மேகம் மூடிவிடும். டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடு. உள்ளே வனத்துறைப் பேருந்து, பிறகு நடை. ஆட்டுக்குத் தின்பண்டம் நீட்டாதே. நீலக்குறிஞ்சி எங்கே என்று கேட்டு யாரையும் அலைக்கழிக்காதே; 2018இல் பூத்தது, அடுத்தது 2030.

திரும்பியதும் ஆட்டைப் பற்றி மட்டும் எழுதாதே. சோலை எந்த மடிப்பில் தொடங்கி எந்த உயரத்தில் நின்றுவிடுகிறது என்று பார்த்து எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்