சமையலறையைப் புதுப்பிக்கக் கொட்டேஷன் வாங்கும் முன்...

மாடுலர் கிச்சன் போடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் முதல் வேலையாக ஷோரூமுக்குத்தான் கிளம்புகிறோம். அங்கே ஏசி குளிரிலும் விளக்கு வெளிச்சத்திலும் எல்லாக் கிச்சனும் அழகாகத்தான் தெரியும். பணம் நழுவுவது அளவெடுக்கும் டேப்பிலும் கொட்டேஷனின் பொடி எழுத்திலும்தான். அதனால் ஷோரூம் கடைசியில் இருக்கட்டும்.

1. மேடையைத் தொடப்போகிறீர்களா, இல்லையா? செலவு ஒரு லட்சத்தில் நிற்குமா, மூன்றைத் தாண்டுமா என்பதை இந்த ஒரு கேள்விதான் முடிவு செய்கிறது. மேடைக் கல்லைப் பெயர்த்தால் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் சுவர் டைல்ஸ் உடையும். சிங்க் கழற்றப்படும், குழாய் மாறும், சுவரைக் கொத்த நேரும். நம் ஊர்ப் பழைய வீடுகளில் மேடைக்கு அடியில் கடப்பா கல் தட்டுகள் இருக்கும். அவை உறுதியாக இருந்தால் இடிக்கவே வேண்டாம். முகப்பில் ஃபிரேம் அடித்துக் கதவு மட்டும் போட்டுக்கொள்ளலாம். கடப்பா கல்லைக் கரையான் தின்னாது, தண்ணீரும் ஊறவைக்காது. "பழசு மேடம், எடுத்துடலாம்" என்று சொல்பவருக்கு வேலை பெரிதாவதில் லாபம் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

2. டேப்பை எடுத்து முதலில் பாத்திரங்களை அளந்து எழுதுங்கள். பெரிய குக்கர், இட்லிப் பானை, அரிசி டப்பா, எண்ணெய் டின், விருந்தாளி வந்தால் மட்டும் இறங்கும் அகலக் கடாய் என்று ஒவ்வொன்றின் உயரமும் அகலமும் வேண்டும். கேட்லாக்கில் இருக்கும் டிராயர்கள் பீங்கான் தட்டுக்கும் கண்ணாடி டம்ளருக்கும் அளவு பார்த்துச் செய்தவை. நம் எவர்சில்வர் அடுக்குகள் அதில் உட்காராது. கிரைண்டருக்கு நிரந்தர இடம் கட்டாயம். கல்லோடு சேர்ந்த அந்தக் கனத்தை வாரம் இரண்டு முறை கீழிருந்து தூக்கி மேடையில் வைப்பேன் என்று யாரும் சபதம் செய்யாதீர்கள்.

3. தேவைப் பட்டியலை நீங்களே எழுதுங்கள். எத்தனை டிராயர், எத்தனை கதவு, எந்தப் பலகை, எத்தனை மி.மீ. கனம், எந்த கம்பெனி கீல், எத்தனை பிளக் பாயின்ட், பரணுக்குக் கதவு வேண்டுமா வேண்டாமா என்று எல்லாமே அதில் வரட்டும். அதே காகிதத்தை மூன்று பேரிடம் கொடுத்து விலை கேளுங்கள். ஆளுக்கு ஒரு டிசைன் போடவிட்டால் வரும் மூன்று விலைகளை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது.

4. அடுத்தது சதுர அடிக் கணக்கு. ஏமாறுகிறவர்களில் பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். ரேட்டைக் கேட்கும் முன் "எதை அளந்து சதுர அடி போடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். முகப்பை, அதாவது கதவுப் பரப்பை மட்டும் அளப்பவர் உண்டு. பெட்டியின் பக்கம், அடி, நடுத்தட்டு என்று ஒவ்வொரு பலகையையும் அளப்பவரும் உண்டு. ஓடும் அடி கணக்கில் பேசுகிறவர் இன்னொரு ரகம்.

10 அடி, 8 அடி சுவர்களில் 'எல்' வடிவ மேடை என்று வைத்துக்கொள்வோம். மேடையின் அகலம் 2 அடி என்பதால் மூலையை ஒரு முறைதான் எண்ண வேண்டும். ஆக நீளம் 16 அடி. கீழ்ப்பகுதி 2.5 அடி உயரத்துக்கு 40 சதுர அடி. மேல் அலமாரி 10 அடி நீளம், 2 அடி உயரத்துக்கு 20. பரண் 16 அடி நீளம், 2 அடி உயரத்துக்கு 32. மொத்த முகப்பு 92 சதுர அடி. எடுத்துக்காட்டுக்கு, முதல் ஆள் ரூ.1,400 கேட்டால் ரூ.1,28,800 ஆகிறது. இரண்டாமவர் "எனக்கு 1,300 போதும்" என்கிறார். ஆனால் கீழேயும் பரணிலும் மூலையை இரண்டு முறை எண்ணி 16 அடியை 18 ஆக்கிவிடுகிறார். 101 சதுர அடிக்கு ரூ.1,31,300. மூன்றாமவர் ரூ.850தான், கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது. அவர் எல்லாப் பலகையையும் அளந்து 180 சதுர அடி காட்டினால் ரூ.1,53,000. மூவரில் ரேட் குறைவாகச் சொன்னவரிடம்தான் செலவு அதிகம்!

பரணையும் தனியாகக் கவனியுங்கள். பெரும்பாலும் அதில் பெட்டி கிடையாது, ஃபிரேமும் கதவும்தான். அதற்கும் முழு ரேட் போட்டிருந்தால் பேசிக் குறைக்கலாம். அளவெடுக்கும்போது கூடவே நின்று உங்கள் நோட்டிலும் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தை இனி ரேட்டில் வேண்டாம், மொத்தத் தொகையில் நடக்கட்டும்.

5. அந்த மொத்தத்தில் எதெல்லாம் அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். கைப்பிடி, கூடை, டிராயர் சேனல், உள்பக்க லேமினேட், ஸ்கர்ட்டிங், ஏற்றுக்கூலி, பழையதைக் கழற்றுவது, இடிபாட்டை அப்புறப்படுத்துவது, ஜிஎஸ்டி. "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்ற பதில் வந்தால் அது கணக்கில் இல்லை என்று அர்த்தம். செங்கல், டைல்ஸ் உடைசலைத் தெருவோரம் கொட்டினால் மாநகராட்சி அபராதம் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

6. யாரிடம் கொடுப்பது? பெரிய பிராண்டு நிறுவனம், ஆன்லைனில் இயங்கும் இன்டீரியர் நிறுவனம், உள்ளூர்ப் பட்டறை, பொருள் நாம் வாங்கிக் கொடுத்து ஆசாரியிடம் கூலிக்கு விடுவது என்று நான்கு வழிகள். புது ஃபிளாட், நேரான சுவர், கையில் நேரமில்லை என்றால் பிராண்டு சரிப்படும். சுவர் கோணல், தரை மட்டம் இல்லை, மேடை பழசு என்றால் இயந்திரத்தில் வெட்டிவரும் ரெடிமேட் பெட்டிகள் பொருந்தாமல் இடுக்கெல்லாம் பட்டி பூசி மறைப்பார்கள். அங்கே ஆசாரிதான் சரி. ஆனால் தினமும் கூட நின்று பார்க்க ஒருவர் வேண்டும். என் ஓட்டு, சொந்தப் பட்டறை வைத்திருக்கும் உள்ளூர் ஆளுக்கு. ஒரு கதவு தொங்கினால் போன் போட்டு வரவழைக்கக்கூடிய தூரத்தில் அவர் இருப்பார்.

7. அவர் போன மாதம் முடித்த கிச்சனைப் பார்த்துப் பயனில்லை. மூன்று வருடத்துக்கு முன் செய்ததைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டில் நேராகச் சிங்க் அடிக் கதவைத் திறந்து பாருங்கள். அடிப்பலகை உப்பியிருக்கிறதா, ஓரப் பட்டை பிரிந்திருக்கிறதா, கீலில் துரு ஏறியிருக்கிறதா? அடுப்புக்குப் பக்கத்து டிராயரை இழுத்தால் சிக்காமல் வருகிறதா? அந்த வீட்டு அம்மாவிடம், ரிப்பேருக்குக் கூப்பிட்டால் வருகிறாரா என்று மட்டும் கேளுங்கள்.

8. பட்டறையையும் ஒருமுறை பாருங்கள். பலகை ஓரத்தில் பட்டை ஒட்டுவதற்கு மெஷின் இருக்கிறதா, கையால் பசை தடவி ஒட்டுகிறார்களா என்பதே போதும். கையால் ஒட்டியது ஈரமும் ஆவியும் படும் இடத்தில் சீக்கிரம் வாய் திறக்கும்.

9. பிளைவுட்டில் மூன்று பெயர்கள் அடிபடும். எம்ஆர் என்பது கமர்ஷியல் பிளை, கிச்சனுக்கு ஆகாது. பிடபிள்யூஆர் ரகம் பரணுக்கும் மேல் அலமாரிக்கும் தாராளம். ஐஎஸ் 710 தரமுள்ள மரைன் பிளையைச் சிங்க் அடியிலும் கீழ்ப்பெட்டிகளிலும் போடுங்கள். இந்த ரகத்துப் பசையைச் சோதிக்கத் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போடுவார்கள். எல்லா இடத்துக்கும் மரைன் என்று விற்பது வியாபாரம், தேவை இல்லை.

ஒவ்வொரு ஷீட்டிலும் ஐஎஸ்ஐ முத்திரையும் அதன் கீழே 'சிஎம்/எல்' என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்கும். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் எந்த நிறுவனத்துடையது, உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கடை வாசலிலேயே பார்க்கலாம். வெட்டிய ஓரத்தில் உள் அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் வேண்டாம். சந்தேகம் தீரவில்லையா? உள்ளங்கையளவு துண்டை வாங்கி வந்து அடுப்பில் சில மணி நேரம் கொதிக்கவிடுங்கள். மட்டமான பசை என்றால் அடுக்கடுக்காகப் பிரியும். சென்னையில் இருப்பவர்கள் பெரியமேடு பக்கம் சைடன்ஹாம்ஸ் சாலையில் ஒரு நடை போய்வந்தால் பிளை, லேமினேட், ஹார்டுவேர் விலை நிலவரம் பிடிபடும். அங்கே வாங்காவிட்டாலும் கான்ட்ராக்டரிடம் பேச உதவும்.

10. சிங்க், கூடை வாங்கும்போது 304 கிரேடு என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். கடைக்காரர் காந்தத்தை வைத்து "பாருங்க, ஒட்டலை" என்று காட்டுவார். விலை குறைந்த 202 கிரேடும் காந்தத்தில் ஒட்டாது!

11. கிரானைட்டுக்கு இரண்டு விஷயம். கறுப்புக் கல்லில் சாயம் ஏற்றி விற்பதும் நடக்கிறது. பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொட்டு அழுத்தித் துடைத்தால் கறுப்பு ஒட்டிக்கொண்டு வரும். அடுத்து, பலகை முழுவதற்கும் விலையா, பயன்படுத்திய பரப்புக்கு மட்டுமா என்று கேளுங்கள். ஓரம் உருட்டும் நோசிங் வேலை, சிங்க்குக்கும் அடுப்புக்கும் துளை வெட்டுவது இரண்டும் தனிக் கணக்கில் வரும். கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் மலிவு என்பார்கள். வீடு முழுக்கத் தரைக்கும் கல் வாங்குபவருக்குச் சரி. 40 சதுர அடிக்குள் முடியும் ஒரு மேடைக்காகப் போனால் மிச்சப்பட்டதை வண்டி வாடகை தின்றுவிடும்.

12. கீலிலும் டிராயர் சேனலிலும் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அவை வரும் அட்டைப்பெட்டியைப் பிரிப்பது உங்கள் கண்ணெதிரே நடக்கட்டும். பட்டியலில் எழுதிய கம்பெனிதானா என்று பார்த்துவிடலாம்.

13. டைல்ஸ் ஒட்டும் முன் மின் பாயின்ட்டுகளை எண்ணி முடித்துவிடுங்கள். மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ், இண்டக்‌ஷன், சிம்னி, வாட்டர் ஃபில்டர் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். 2,000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 6 ஆம்பியர் பிளக் தாங்காது, 16 ஆம்பியர் வேண்டும். கேஸ் விஷயத்தில் அழகைப் பார்க்காதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தேங்கும். சிலிண்டரை மேடை அடியில் வைப்பதானால் அந்தக் கதவின் அடிப்பக்கம் காற்றுப் போகத் திறப்பு கண்டிப்பாக இருக்க வேண்டும். டியூப் டிராயருக்குப் பின்னால் ஒளிந்து ஓடக் கூடாது, 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டிய பொருள் அது.

14. பட்ஜெட்டில் 15 சதவீதத்தை ஒதுக்கி, அப்படி ஒரு பணம் இருப்பதையே கான்ட்ராக்டரிடம் சொல்லாதீர்கள். கையில் 3 லட்சம் என்றால் 45 ஆயிரத்தை எடுத்துவைத்துவிட்டு 2 லட்சத்து 55 ஆயிரத்துக்குத் திட்டம் போடுங்கள். சுவரைக் கொத்தியதும் துருவேறிய பழைய இரும்புக் குழாய் எட்டிப் பார்க்கும், மாடி வீட்டுக் குளியலறைக் கசிவு தெரியவரும். ஒதுக்கியது இதற்குத்தான், கண்ணாடிக் கதவுக்கு அல்ல. வேலை நடக்கும் வாரங்களில் ஹோட்டல் சாப்பாட்டுச் செலவும் பட்ஜெட்டில் சேர வேண்டும். ஹாலிலோ பின்கட்டிலோ ஒற்றை அடுப்பும் குக்கரும் வைத்துச் சமாளித்தால் அதில் பாதி மிஞ்சும்.

15. "பில் வேண்டாம் என்றால் 18 சதவீதம் குறையும்" என்பது இனிப்பான பேச்சு. 2 லட்சத்துக்கு 36 ஆயிரம் மிச்சம் என்றால் யாருக்கும் மனசு ஆடும். ஆனால் பலகை உப்பினால் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. பில் போட்டே வாங்குங்கள். வாரண்டி 10 வருடம் என்றால் எதற்கு என்று படித்துப் பாருங்கள். பல இடங்களில் அது கீலுக்கும் சேனலுக்கும் மட்டும்தான்.

16. பணத்தை வேலைக்குப் பின்னால் அனுப்புங்கள், முன்னால் அல்ல. ஆர்டர் கொடுக்கும்போது 20 சதவீதம். பிளையும் ஹார்டுவேரும் வந்து இறங்கி முத்திரை பார்த்த பின் 30. பெட்டிகள் பொருத்தியதும் 40. மீதி 10 சதவீதத்தைப் பதினைந்து நாள் சமைத்துப் பார்த்த பிறகு. உள்ளூர் ஆட்கள் முணுமுணுத்தாலும் ஒப்புக்கொள்வார்கள். பிராண்டு நிறுவனங்கள் பொருள் கிளம்பும் முன்பே கிட்டத்தட்ட முழுத் தொகையும் கேட்கும். அப்படியானால் முடிக்கும் தேதியையும், தாமதமானால் வாரத்துக்கு எவ்வளவு கழிவு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

17. தீபாவளிக்கு முன் முடித்துத் தருகிறேன் என்று புரட்டாசியில் சொல்பவரை நம்ப வேண்டாம். அந்தச் சமயத்தில் அவர் கையில் இன்னும் நாலு வீட்டு வேலை இருக்கும்.

18. அளவுத்தாள், கொட்டேஷன், ரசீது, வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். முன்பணம் வாங்கிக்கொண்டு ஆள் தலைமறைவானாலோ வேலை அரைகுறையாக நின்றாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.