ரேஸ் டிராக்கில் ஒரு நாள் பயிற்சி: போகலாமா?

கேள்வி: லைசென்ஸ் எடுத்து ஆறு மாதம் ஆகிறது. பழைய ஸ்விஃப்ட் ஒன்று வாங்கியிருக்கிறேன். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு நாள் பயிற்சி தருகிறார்களாம். “அங்க கத்துக்கிட்டா ரோட்டுல எதையும் சமாளிச்சிடலாம்” என்கிறான் நண்பன். “ரேஸ் ஓட்டப் போறியா?” என்று வீட்டில் திட்டுகிறார்கள். எது சரி, ஐயா?
– வாசகர், கீழ்பென்னாத்தூர்

பதில்: முதலில் வீட்டாரைச் சமாதானப்படுத்திவிடுவோம். ஒரு நாள் வகுப்பில் யாரும் உங்களை ரேஸ் ஓட்ட விடமாட்டார்கள். போட்டியில் இறங்க, இந்திய மோட்டார் விளையாட்டு மன்றங்களின் கூட்டமைப்பு தரும் தனி லைசென்ஸ் வேண்டும். இத்தகைய வகுப்புகளில் சொல்லித் தருவது சீட்டில் உட்காரும் விதம், ஸ்டீயரிங் பிடிக்கும் விதம், முழு பலத்தோடு பிரேக் போடுவது, வளைவில் எந்தக் கோட்டில் நுழைவது, இவைதாம்.

உங்கள் நண்பருக்குத்தான் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. டிராக்கில் தேறியவர் சாலையில் பத்திரமாக ஓட்டுவார் என்று நினைப்பது இயல்பு. அமெரிக்காவில் 1974இல் இதைச் சரிபார்த்தார்கள். ரேஸ் லைசென்ஸ் வைத்திருப்பவர்களையும் சாதாரண ஓட்டுநர்களையும் ஒப்பிட்டபோது, சாலை விபத்தும் விதிமீறலும் ரேஸ்காரர்களிடமே அதிகம் இருந்தன. நார்வே 1979இல் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்குத் தரைப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பிறகு ஆராய்ந்தால், இளைஞர்களின் விபத்து குறையாமல் கூடியிருந்தது!

ஏன் இப்படி? சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். செஞ்சி ரோட்டில் 40 மீட்டர் முன்னால் மாடு ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. அதைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகிறது என்று வையுங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வந்தால் அந்த நொடியில் 17 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 20 மீட்டர். மாடு பிழைத்தது. 80இல் வந்தால் அந்த நொடிக்கே 22 மீட்டர் போய்விடும். பிரேக்குக்குத் தேவை 35 மீட்டர், இருப்பதோ 18தான். ஏறத்தாழ 55 கி.மீ. வேகத்தில் மோதுவீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும். பயிற்சி பெற்ற கால் இதில் சில மீட்டரைக் குறைக்கும். ஆனால் ‘நமக்குத்தான் தெரியுமே’ என்ற எண்ணத்தில் கூட்டும் 20 கி.மீ. வேகம் அந்த லாபத்தை விழுங்கிவிடும்.

அதோடு, டிராக்கில் எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். சிவப்பு விளக்கில்லாத கரும்பு டிராக்டரோ, பௌர்ணமிக் கிரிவலக் கூட்டமோ அங்கே கிடையாது. ‘அபெக்ஸ்’ என்பார்கள்; வளைவின் உள்விளிம்பை வண்டி உரசிச் செல்லும் புள்ளி அது. அதைப் பிடிக்கச் சாலையின் முழு அகலமும் வேண்டும். உங்கள் ஊர்ச் சாலையில் பாதி அகலம் எதிரே வரும் பஸ்ஸுக்குச் சொந்தம்.

அப்படியானால் வீண்தானா? இல்லை. பிரேக் பயிற்சி ஒன்றுக்காகவே கட்டணம் கொடுக்கலாம் என்பேன். டிரைவிங் ஸ்கூலில் கிளட்சையும் எட்டுப் போடுவதையும் பழக்குவார்கள். பிரேக்கைக் கடைசிவரை மிதித்துப் பார்க்கப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அதனால் ஆபத்தில் புதியவர்கள் பாதிதான் மிதிப்பார்கள். ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் அமைப்பு) வேலை செய்யும்போது பெடல் கடகடவென்று உதறும். அது பழுதென்று பயந்து காலை எடுப்பவர்கள் உண்டு. எடுக்கவே கூடாது, அழுத்தியபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பலாம். இதைக் காலால் உணர்ந்துதான் கற்க முடியும். பார்வையை எங்கே வைப்பது என்பதும் அங்கே நன்றாகப் பழகும்.

ரேஸ்தான் ஆசை என்றால் கணக்கே வேறு. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் பிரான்ஸின் வின்ஃபீல்டு பள்ளியில் பயின்றவர். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவரே. அந்த வழிக்குப் பள்ளி தேவைதான்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை: ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? ஸ்டீயரிங் உங்கள் கையில் எத்தனை நிமிடம்? வண்டி யாருடையது? கடைசிக் கேள்வி முக்கியம். சாதாரண கார் இன்ஷூரன்ஸ் பாலிசி, பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

என் தீர்ப்பு: இன்னும் ஓராண்டு ஓட்டிவிட்டுப் போங்கள். கிளட்சும் கியரும் கவனத்தைத் தின்னும்வரை நுணுக்கங்கள் தலையில் ஏறாது. அதற்குள் இரண்டு வேலை. சாவியைத் திருப்பும்போது மீட்டரில் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். 2019 ஏப்ரலுக்கு முந்தைய கார்களில் அந்த வசதி இல்லாமலும் இருக்கலாம். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தால் முதல் செலவு அதற்குத்தான்.