பொதுப் பணமும் பள்ளிக்கூடமும்: சிலி நாடு தரும் பாடம்

சங்கக் கணக்கைத் தணிக்கை செய்யும்போது, "லாபம் எவ்வளவு?" என்று கேட்பதோடு நாம் நின்றுவிடுவதில்லை, "அது யாருக்குச் சேர்ந்தது?" என்றும் கேட்கிறோம். பொதுப் பள்ளிகளைத் தனியாரிடம் விடலாமா என்னும் விவாதத்திலும் இக்கேள்வி பயன்படும். தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டின் அனுபவத்தைப் பார்ப்போம்.

சர்க்கார் கல்விக்குப் பணம் தந்தால் போதும், பள்ளிகளைத் தானே நடத்த வேண்டியதில்லை என்று 1955-இல் அமெரிக்கப் பொருளாதார நிபுணர் மில்டன் ஃபிரீட்மன் எழுதினார். பெற்றோர் விரும்பும் பள்ளிக்குப் பணம் சென்றால் போட்டியினால் கல்வி உயரும் என்பது அவர் வாதம். சிலியின் ராணுவ ஆட்சி 1981-இல் இம்முறையைக் கையாண்டது. பொதுப் பள்ளிகள் ஸ்தல ஸ்தாபனங்களிடம் விடப்பட்டன. மாணவர் வருகைக் கணக்குப்படி, பொதுப் பள்ளிகளைப் போலவே தனியார் பள்ளிகளுக்கும் மானியம் கிடைத்தது. லாபம் எடுக்கவும் தடையில்லை.

இவ்வாதத்தை நாம் அலட்சியம் செய்யலாகாது. பாடம் சரிவர நடவாத பள்ளியில் தம் பிள்ளையை விட்டுவைக்க எந்தப் பெற்றோரும் விரும்பார். ஆனால் விளைந்தது யாது? 1981-இல் நூற்றுக்கு 75-க்கு மேற்பட்ட மாணவர்கள் பொதுப் பள்ளிகளில் பயின்றனர். முப்பதாண்டுகளில் அது 40-க்கும் கீழே இறங்கியது. 1993-க்குப் பின், மானியம் பெற்ற தனியார் பள்ளிகள் பல பெற்றோரிடமும் கட்டணம் வாங்கின; மாணவரைப் பொறுக்கியும் எடுத்தன. பொதுவான கல்வித் தரம் இதனால் உயர்ந்ததற்குச் சான்றில்லை என்றும், வசதியுள்ளோர் பொதுப் பள்ளியை விட்டு விலகினர் என்றும் 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்டது. 2006-இலும் 2011-இலும் மாணவர்கள் திரளாகக் கிளர்ந்தெழுந்தனர். 2015-இல் இயற்றிய சட்டம், மானியப் பள்ளிகளில் லாபம், கட்டணம், மாணவரைப் பொறுக்குதல் ஆகிய மூன்றையும் படிப்படியாக ஒழிக்க வழிசெய்தது.

வசதியுள்ள அங்கத்தினர்கள் சரக்கை வெளியே விற்கத் தொடங்கினால் சங்கம் என்னவாகும் என்பதை நாம் அறிவோம். எஞ்சியோர் எளியோர், குறையைத் தட்டிக் கேட்கும் குரலும் தேய்ந்துவிடும். பள்ளிக்கும் இதுவே கதி. ஆயினும் பள்ளி பொதுவுடைமையாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. அதைக் கண்காணிப்போர் வேண்டும். நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளி நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராவர். பொதுக்குழுவுக்கு வராத அங்கத்தினரைக் குறைகூறும் நாம், அக்குழுவுக்குச் செல்கிறோமா?

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க மூன்று கேள்விகள்:

1. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியின் உபரி யாரைச் சேர வேண்டும்?
2. எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பாத பள்ளி நம் ஊரில் எது?
3. அதன் நிர்வாகக் குழுவில் நம் அங்கத்தினர் எத்தனை பேர்?