கணிப்பொறித் திரைக்குச் சின்னம் வரைதல்

கணிப்பொறியை இயக்கியவுடன் அதன் முகப்புத் திரையில் சிறு சிறு படங்கள் வரிசையாகத் தோன்றுகின்றன. அவற்றை ஐகான் என்பர். உருவம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்த இப்பெயரைக் கணிப்பொறித் துறைக்குக் கொணர்ந்தவர் டேவிட் கான்ஃபீல்டு ஸ்மித் என்னும் அறிஞராவார். 1975ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேட்டில் அவர் இதனை எடுத்தாண்டார். நாம் இதனைச் சின்னம் என வழங்குவோம்.

ஆங்கிலம் அறியாத பாட்டிக்கும், இப்பொழுதுதான் எழுத்துக் கற்கும் பேரனுக்கும் சின்னத்தின் கீழே எழுதப்பட்ட பெயரால் பயனில்லை. படமே அவர்கட்கு எழுத்து. அப்படம் தெளிவாக இல்லையெனின், அழிக்கக் கூடாத ஒன்றை அழித்துவிடுவோமோ என்று அஞ்சி, அவர்கள் கணிப்பொறியின் பக்கமே வாராது ஒதுங்கிவிடுவர். ஆதலின் வீட்டுக் கணிப்பொறிக்கு நாமே ஒரு சின்னத் தொகுதி வரைந்துகொள்ளும் முறையை ஈண்டுக் காண்போம்.

மேற்கூறிய அச்சம் காரணமற்றதன்று. ஆப்பிள் நிறுவனம் 1984ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட மெக்கின்டாஷ் கணிப்பொறியில் குப்பைத்தொட்டிச் சின்னம் கோப்புகளை அழிப்பதற்கு உரியது. ஆனால் பிளாப்பி வட்டை வெளியே எடுப்பதற்கும் அவ்வட்டின் சின்னத்தை அதே தொட்டிக்கு இழுத்துச் செல்வதே பெருவழக்காக இருந்தது. வட்டில் உள்ளவை யாவும் அழிந்துபோகுமோ எனப் புதியவர்கள் திகைத்தனர். 2001இல் வந்த மாக் ஓஎஸ் எக்ஸ் என்னும் இயக்க அமைப்பில்தான், வட்டை இழுக்கும்பொழுது தொட்டியின் படம் வெளியேற்றும் குறியாக மாறும்படி செய்யப்பட்டது. ஒரு சின்னத்திற்கு இரு பொருள் கற்பித்தலாகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

மெக்கின்டாஷுக்கு முன்னரே, 1981இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் என்னும் கணிப்பொறி தாள், கோப்புறை, அச்சுப்பொறி முதலியவற்றைச் சின்னங்களாகத் திரையில் வைத்திருந்தது. அதனை உருவாக்கியோர் நான்கு வெவ்வேறு சின்னத் தொகுதிகளை வரையச் செய்து, பழக்கமில்லாதோரிடம் காட்டி, இஃது என்னவென்று வினவிச் சோதித்த பின்னரே ஒன்றைத் தேர்ந்தனர். வரைந்தவர் கண்ணுக்குத் தெளிவாயிருப்பது பிறர் கண்ணுக்கும் அவ்வாறே இருக்குமென்று அவர்கள் கருதவில்லை.

இனி வரையும் முறை. மெக்கின்டாஷின் சின்னங்களை வரைந்த சூசன் கேர் அம்மையார் முதலில் கணிப்பொறியில் வரையவில்லை. கட்டமிட்ட தாளேட்டில்தான் வரைந்தார். அகலத்தில் 32, உயரத்தில் 32, ஆக 1,024 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் திரையின் ஒரு புள்ளி. கறுப்பு அல்லது வெள்ளை, இடைநிறம் இல்லை. அந்த ஏட்டுத் தாள்கள் இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத் தொகுப்பில் உள்ளன. புள்ளிக் கோலம் இடுவோர்க்கு இம்முறை எளிதில் கைவரும்.

நாமும் கட்டத்தாளிலேயே தொடங்குதல் நன்று. முதலில் 16க்கு 16 கட்டங்களில் வரைக. பெரிதாக அழகுற வரைந்து பின் கணிப்பொறியைக் கொண்டே சுருக்கிக் கொள்ளலாமே எனச் சிலர் கூறுவர். அவ்வாறு சுருக்கும்பொழுது மெல்லிய கோடுகள் இரு புள்ளிகட்கு இடையே விழுந்து சாம்பல் நிறமாய்க் கரைந்துபோகும். கடித உறையை எடுத்துக்கொள்வோம். 48 புள்ளி அளவில் உறையின் மடிப்பு, தபால்தலை, முகவரிக் கோடுகள் யாவும் காட்டலாம். 32இல் முகவரிக் கோடுகளை விடுத்துத் தபால்தலையை மட்டும் நிறுத்தலாம். 16இலோ ஒரு செவ்வகமும் அதனுள் மேலிருந்து கீழிறங்கும் இரு சாய்கோடுகளுமே எஞ்சும். அவை இருந்தால் உறை உறையாகவே தெரியும். எஞ்சி நிற்கும் இவ்வுருவை முதலில் கண்டுகொண்டால் பெரிய அளவுகளில் எதனைச் சேர்ப்பது என்பது தானே விளங்கும். சாய்கோடு வரைகையில் ஒரு கட்டத்திற்கு ஒரு கட்டம் ஏறுவதும், இரண்டு கட்டத்திற்கு ஒரு கட்டம் ஏறுவதும் கண்ணுக்குச் சீராக இருக்கும். வேறு சாய்வுகள் உடைந்த படிக்கட்டுப்போல் தோன்றும்.

தொகுதி என்பதால் எல்லாச் சின்னங்களும் ஒரே கை வரைந்தவையாகத் தோன்ற வேண்டும். ஒளி இடப்புறம் மேலிருந்து விழுவதாகக் கொண்டால் அனைத்திற்கும் அதுவே. புறக்கோட்டின் தடிமனும் ஒன்றே. ஆயின் புறவடிவம் மட்டும் ஒன்றற்கொன்று வேறாதல் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வட்டத்தினுள் அடைத்து வரையும் இக்காலப் பாங்கு பார்வைக்கு ஒழுங்காயினும், தேடும் கண்ணுக்குத் துன்பமே. நிறத்தை மட்டும் நம்புவதும் கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோர் ஆடவருள் கணிசமாக உளர்.

எப்பொருளை வரைவது? மின்னஞ்சலுக்கு அமெரிக்கர் பலர் கம்பத்தின் மேல் கொடியுடன் கூடிய பெட்டியை வரைந்தனர். அவர்கள் வீட்டு வாயிலில் அஃது உண்டு. நம் வீட்டில் இல்லை. கோப்பைச் சேமித்தற்குரிய சின்னமாக இன்றும் வழங்கும் பிளாப்பி வட்டை நம் குழந்தைகள் கண்டதேயில்லை. ஆதலின் நம் இல்லத்தார் கையாளும் பொருள்களையே தேர்க: மின்கட்டணச் சீட்டுகள் இருக்கும் கோப்புறைக்கு விளக்கு, குடும்ப நிழற்படங்கட்குச் சட்டமிட்ட படம், வங்கிக் கணக்கிற்குப் பாஸ்புக்.

தாளில் வரைந்ததைக் கட்டணமின்றிக் கிடைக்கும் கிம்ப் என்னும் மென்பொருளில் புள்ளி புள்ளியாக நிரப்புக. பின்னணி வெள்ளையாக இராமல் ஒளிபுகுவதாக இருத்தல் வேண்டும்; இல்லையெனில் திரையில் ஒவ்வொரு சின்னமும் வெள்ளைச் சதுரமாக நிற்கும். விண்டோஸில் 16, 32, 48, 256 ஆகிய அளவுகளைத் தனித்தனி அடுக்குகளாக வைத்து, ஐசிஓ வகைக் கோப்பாக ஏற்றுமதி செய்தால் நான்கும் ஒரே கோப்பில் அடங்கும். இடத்திற்கேற்ற அளவைக் கணிப்பொறியே எடுத்துக்கொள்ளும். பின் கோப்புறையின்மீது வலப்பொத்தானை அழுத்தி, பிராப்பர்ட்டீஸ், கஸ்டமைஸ், சேஞ்ச் ஐகான் என முறையே சென்று அக்கோப்பைக் காட்டுக. மெக்கின்டாஷில் படத்தை நகலெடுத்து, கெட் இன்ஃபோ சாளரத்தின் மேல்மூலையிலுள்ள சிறுபடத்தைத் தேர்ந்து ஒட்டினால் போதும்.

லினக்ஸில் முழுத் தொகுதியையும் ஒருங்கே மாற்றலாம். அளவுவாரியாகக் கோப்புறைகள் அமைத்து, அவற்றின் விவரத்தை இன்டெக்ஸ் தீம் என்னும் சிறு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். படங்களின் பெயர்கள் வகுத்துரைத்தபடியே இருத்தல் இன்றியமையாதது; ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அச்சின்னம் மாறாது. நாம் வரையாது விட்டவற்றிற்கு ஹைகலர் என்னும் பொதுத் தொகுதியிலிருந்து படம் எடுத்துக்கொள்ளப்படும் என்பதால், பத்துச் சின்னங்களோடு தொடங்கினாலும் குறையில்லை.

விண்டோஸின் குப்பைத்தொட்டிக்கு மட்டும் வெறுமையானது, நிறைந்தது என இரு படங்கள் வேண்டும். இரண்டிற்கும் வேறுபாடு 16 புள்ளி அளவிலும் தெரிதல் வேண்டும். யாவும் முடிந்தபின், பெயர்களை மறைத்துவிட்டு வீட்டிலுள்ள மூத்தவரிடம் ஒவ்வொன்றாகக் காட்டி, இஃது என்னவென்று கேட்டு, அவர் முதலில் கூறும் சொல்லைக் குறித்துக்கொள்க. குறிப்புச் சொல்லி உதவுதல் கூடாது. அவர் தயங்கிய சின்னங்களை மீண்டும் கட்டத்தாளுக்குக் கொண்டுசென்று வரைக.