பிள்ளை பெற்றவளுக்குப் புத்தி குறையுமா?

பிரசவித்த பெண்ணின் மூளை சுருங்கிவிடுகிறது, ஆகையால் அவளிடம் கடையையோ கல்லாவையோ ஒப்படைப்பது விவேகமாகாது என்னும் அபிப்பிராயத்தைக் கல்யாணப் பந்தியிலும், வங்கி மேலாளர் அறையின் வாசலிலும், வரிக் கணக்கு எழுத என்னிடம் வரும் வியாபாரிகளின் வாயிலும் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போனேன். சமீபத்தில் ஜவுளிக்கடை முதலாளி ஒருவர், கொள்முதல் முழுவதையும் திறமையாகக் கவனித்து வந்த தம் மகளை, அவள் பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு திரும்பியதும் கடைப் பக்கம் வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டு, கூட்டல் கழித்தலில் அத்தனை சிரத்தை இல்லாத மைத்துனரை அந்த இடத்தில் உட்கார்த்தி வைத்தார். காரணம் கேட்டதற்குக் கைபேசியில் வந்த ஒரு துணுக்கை நீட்டி, "நானா சொல்றேன் சார், சயின்ஸே சொல்லுது" என்றார்.

சயின்ஸ் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். 2016-ஆம் வருஷக் கடைசியில் 'நேச்சர் நியூரோசயன்ஸ்' என்னும் சஞ்சிகையில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனாவில் எல்ஸலீன் ஹூக்ஸெமா முதலிய ஆராய்ச்சியாளர்கள், முதற் குழந்தை பெற்ற 25 பெண்களின் மூளையைக் கருத்தரிப்பதற்கு முன்பும் பிரசவத்திற்குப் பின்பும் படமெடுத்து ஒப்பிட்டபோது, பிறர் மனத்தைக் குறிப்பால் அறியும் காரியத்தோடு சம்பந்தப்பட்ட சில பகுதிகளில் சாம்பல் நிறப் பொருளின் கன அளவு குறைந்திருக்கக் கண்டார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அந்த மாற்றம் பெரும்பாலும் நிலைத்திருந்தது. துணுக்கு இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. ஆராய்ச்சி நிற்கவில்லை. அதே பெண்களின் ஞாபக சக்தியைச் சோதித்ததில் குறிப்பிடத்தக்க நலிவு எதுவும் தென்படவில்லை என்பதும், எந்தத் தாயிடம் மாற்றம் மிகுந்திருந்ததோ அவளிடம் குழந்தையின்மேல் பற்றும் மிகுந்திருந்தது என்பதும் அதே கட்டுரையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அடுத்த பத்தியைப் படிக்கச் சோம்பல்பட்டவர் எவரோ, அந்தச் சோம்பலையே விஞ்ஞானமாக்கி ஊர் முழுவதும் அனுப்பிவிட்டார்.

அளவு குறைந்தால் அறிவு குறைந்தது என்று வைத்துக்கொண்டால், பருவ வயதுப் பிள்ளைகளுக்கும் சாம்பல் நிறப் பொருள் குறையத்தான் செய்கிறது. மூளை முதிர்ந்து தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளும் வழிகளில் அது ஒன்று என்று அத்துறை அறிந்தவர்கள் சொல்லுகிறார்கள். ப்ளஸ் டூ படிக்கும் பையனைப் பார்த்து, "உனக்கு மூளை சுருங்குகிறது, பரீட்சைக்குப் போகாதே" என்று எந்தத் தகப்பனாராவது தடுத்ததுண்டா? பையனுக்கு வளர்ச்சி, அவனைப் பெற்றவளுக்குத் தேய்வு என்றால், இது என்ன நியாயம்?

மறதி அறவே கிடையாது என்று நான் வாதாட வரவில்லை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஞாபகச் சோதனைகளில் சிறிது பின்னடைவு காணப்படுவதாகப் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் சாதாரண வரம்பிற்குள் அடங்கிய பின்னடைவே. பிரசவத்திற்குப் பின், இரவில் இரண்டு மணிக்கு ஒரு தரமும் நாலு மணிக்கு ஒரு தரமும் எழுந்து பால் கொடுத்தவள் காலையில் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடினால், அது தூக்கமில்லாத யாருக்கும் நேரும் தடுமாற்றம். அந்த முதலாளியை அப்படி ஒரு வாரம் எழுப்பி உட்கார வைத்தால் அவர் கடையின் பெயரே அவருக்கு மறந்துபோகும்.

ஆகக் கோளாறு இருக்குமிடம் வேறு. 2007-இல் ஷெல்லி கொரெல் என்னும் அமெரிக்கச் சமூகவியல் பேராசிரியையும் அவருடைய சகாக்களும், தகுதியில் ஒன்றுக்கொன்று குறைவில்லாத கற்பனை விண்ணப்பங்களைத் தயாரித்து, ஒன்றில் மட்டும் விண்ணப்பித்தவள் பிள்ளை பெற்றவள் என்பது தெரியும்படி, பெற்றோர்–ஆசிரியர் சங்கத்தில் பொறுப்பு வகிப்பதை ஒரு வரி எழுதி வைத்தார்கள். அந்த ஒரு வரிக்காகத் தாயைத் திறமை குறைந்தவளென்றும், சிரத்தை குறைந்தவளென்றும் மதிப்பிட்டு, ஆரம்பச் சம்பளத்தையும் குறைத்தே சிபாரிசு செய்தார்கள் மதிப்பிட்டவர்கள். தகப்பன்மாருக்கு அப்படிப்பட்ட தண்டனை ஏதும் கிடைக்கவில்லை. படிப்பு ஒன்று, அனுபவம் ஒன்று, மூளையைப் படம் பிடித்தவர் எவருமில்லை. பிள்ளை என்ற சொல் காதில் விழுந்ததுமே எடைக்கல் மாறிப்போயிற்று.

எனக்கு மூளையின் படம் வாசிக்கத் தெரியாது. சிட்டையும் பேரேடும் வாசிக்கத் தெரியும். என் மேஜைக்கு வரும் கணக்குகளில், தேதி தவறிப்போய் அபராதம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் யார் என்று சொன்னால் ஆண்பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டையை வைத்துக்கொண்டு, பிறந்தவுடன் போட வேண்டியது, பின்பு 6, 10, 14-ஆம் வாரங்களில் போட வேண்டியது, 9-ஆம் மாதம் முடிந்ததும் போட வேண்டியது, 16-ஆம் மாதத்திற்கு மேல் மறுபடி போட வேண்டியது என்று, காய்ச்சல் சளியால் தள்ளிப்போனதையும் சேர்த்து மனத்தில் வைத்து நடத்தியவளுக்கு, ஜி.எஸ்.டி. மாத அறிக்கையை மறுமாதம் 20-ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒரு பாரமாகவா தோன்றும்?

தேதிக் கணக்காவது கற்றுக்கொடுத்தால் வந்துவிடும். கற்றுக்கொடுக்க முடியாத ஒன்றை, கல்லூரி விடுதிகள் நிறைந்த தெருவில் மெஸ் நடத்தும் ஓர் அம்மாளிடம் பார்த்தேன். வருஷ முடிவுக் கணக்குக்காகச் சாயங்காலம் போய் உட்கார்ந்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அந்த அம்மாள் பில் கட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே உள்ளே பார்த்து, "ரெண்டாவது உலைக்கு அரிசி போடாதே, கோதுமை மாவு நாலு கிலோ பிசை" என்று குரல் கொடுத்தார். ஏன் என்று கேட்டேன். "மழை பெய்ஞ்சா என் பையன் சோத்தைத் தொட மாட்டான் சார், சூடாச் சப்பாத்தி கேப்பான். இவங்களும் அந்த வயசுப் பசங்கதானே" என்றார். எட்டரை மணிக்கு மேல் வந்த பையன்களில் சோறு கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே அவர் கேட்கப் போவது இன்னதென்று ஊகித்து, மிஞ்சிப்போகும் சரக்கைக் குறைப்பதற்கு மேல்நாட்டு நிர்வாகப் பள்ளிகளில் தனிப் பாடமே நடத்துகிறார்கள்.

மற்றப் பிரமைகளுக்கு இத்தனை நேரம் செலவிட வேண்டியதில்லை.

தாய் மனம் இளகிய மனம், கடனை வசூலிக்க வராது என்பது ஒன்று. கடைத்தெருவில் பொம்மைக்காக மண்ணில் புரளும் பிள்ளையிடம், கோபிக்காமலும் விட்டுக்கொடுக்காமலும் "கிடையாது" என்று சொல்லிப் பழகியவளிடம், மூன்றாவது தடவையாக "அடுத்த வாரம் தரேன் அக்கா" என்று வருகிறவரின் ஜாலம் செல்லாது.

குடும்பப் பொறுப்புள்ளவள் துணிந்து முதல் போடமாட்டாள் என்பது இன்னொன்று. இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு 1982-இல் மெரினா கடற்கரையில் வண்டிக்கடை போட்ட பட்ரீஷியா நாராயண், முதல் நாள் முழுவதும் விற்றது 50 காசுக்கு ஒரே ஒரு காபி. மறுநாளும் கடை போட்டார். பின்னால் உணவகங்கள் நடத்தினார்.

ஒரே சமயத்தில் பத்துக் காரியம் பார்க்கும் வரம் தாய்மாருக்கு உண்டு என்பது புகழ்ச்சியாகத் தோன்றினாலும் அதுவும் பொய்யே. ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் ஒவ்வொரு தரமும் எவருக்கும் நேரம் விரயமாகிறது என்று மனோதத்துவச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. தாய் பழகிக்கொள்வது எதை முதலில் செய்வது, எதைப் போகட்டும் என்று விடுவது என்னும் தெரிவையே. அடுப்பில் பால் பொங்க, கூடத்தில் குழந்தை வீறிட, வாசலில் சிலிண்டர்காரர் மணியடித்தால், அவள் மூன்றையும் ஒரே நேரத்தில் செய்வதில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போகிறாள்.

இந்தச் சாமர்த்தியமெல்லாம் வயிற்றில் சுமந்தவளுக்கே வரும் என்பாரும் உளர். 2014-இல் இஸ்ரேல் தேசத்து ரூத் ஃபெல்ட்மனின் குழுவினர், குழந்தையைத் தாமே முழுநேரமும் வளர்த்த தகப்பன்மாரின் மூளையிலும் தாய்மாருக்குரியது போன்ற இயக்கத்தைக் கண்டிருக்கிறார்கள். பழக்குவது வளர்ப்பு, விருப்பமிருந்தால் ஜவுளிக்கடை முதலாளிகளும் பழகலாம்.

ஆனால் தாய்மை ஒன்றே போதும், அவளுக்கு வேறெந்தப் படிப்பும் வேண்டாம் என்று மகளிர் தினத்துக்கு மகளிர் தினம் மேடையேறிப் பேசிவிட்டுப் போகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சமும் பொறுமை கிடையாது. இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு பெண்ணின் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு அரிசி 10 கிலோ 450 ரூபாய், உளுந்து இரண்டரை கிலோ 325 ரூபாய், மின்சாரம், உப்பு, பொட்டலப் பை எல்லாம் 125 ரூபாய். ஆகச் செலவு 900 என்று வைத்துக்கொண்டு, 30 கிலோ மாவு கிலோ 45 ரூபாய் வீதம் விற்று 1,350 வந்ததென்றால், நாளொன்றுக்கு 450 ரூபாய் லாபம் என்று அவள் சந்தோஷப்படுகிறாள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஊறவைத்ததைக் கழுவி, அரைத்து, கட்டி, கொடுத்து முடிக்க ஆறு மணி நேரம் ஆகிறதே, அதற்குக் கூலி எங்கே? மணிக்கு 75 ரூபாய் என்று எழுதிப் பாருங்கள்: லாபம் பூஜ்யம். கோடையில் இரண்டு கிலோ புளித்துப் போன நாளில் 90 ரூபாய் நஷ்டம். லாபமென்று அவள் எண்ணியது அவளுடைய சொந்தக் கூலியே. நாளைக்கு வியாபாரம் பெருகி ஓர் ஆளை வேலைக்கு வைத்தால், தன் உழைப்பு இருந்தவரை தெரியாமலிருந்த ஓட்டை அன்றைக்குத்தான் தெரியும். வீட்டில் சம்பளமில்லாமல் உழைத்த பழக்கத்தைக் கடைக்கும் கொண்டுவருவது, தாய்மை கற்றுக்கொடுக்கும் பாடங்களில் மறக்கவேண்டிய பாடம்.

1959-ஆம் வருஷம் மார்ச்சு 15-ஆம் தேதி பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனோடு அப்பளம் இடத் தொடங்கியதை எல்லோரும் கதையாகச் சொல்லுகிறார்கள். லிஜ்ஜத் அப்பளம் அப்படித்தான் பிறந்தது. அந்தக் கடனைக் கொடுத்த சகன்லால் பாரேக், தரக்குறைவானதை மலிவு விலைக்கு விற்க நினைத்த அவர்களைத் தடுத்து ஒரே தரமாக இடச் சொன்னதையும், தர்ம காரியம்போல் அல்லாமல் வியாபாரமாகவே நடத்திக் கணக்கை ஒழுங்காக எழுதும்படி வற்புறுத்தியதையும் யாரும் சொல்லுவதில்லை. அங்கே வீட்டுக்கு மாவைக் கொண்டுபோய் அப்பளம் இட்டுக் கொண்டுவருகிறவளுக்கு, எடை பார்த்துக் கூலி கொடுக்கிறார்கள். கூலிக்கென்று ஒரு பத்தி அந்தக் கணக்கில் இருக்கிறது.

ஆகையால் தொழில் தொடங்கியிருக்கும் தாய்மாருக்கு நான் சொல்லுவது இரண்டே விஷயம். வீட்டு மளிகை பில்லையும் கடைக் கொள்முதல் பில்லையும் ஒரே டப்பாவில் திணிக்காமல் தனி நோட்டுப் போட்டு, முதல் வரியில் உங்கள் சம்பளத்தை எழுதுங்கள். அடுத்தது, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பணம் வாங்கும் கியூ.ஆர். அட்டை யாருடைய கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள். பல கடைகளில் அது கணவருடைய கணக்காக இருக்கிறது. உழைப்பு உங்களுடையது, வரவு அவர் பாஸ்புத்தகத்தில். முத்ரா கடன் கேட்டு நீங்கள் வங்கிக்குப் போனால், உங்கள் கணக்கில் கேஸ் மானியத்தைத் தவிர வேறு வரவைக் காணோம் என்று மேலாளர் உதட்டைப் பிதுக்குவார். உங்கள் பெயரில் ஒரு கணக்கு, அந்தக் கணக்கில் அட்டை, உங்கள் பெயரிலேயே சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு. பதிவுக்கு அரசாங்கம் காசு வாங்குவதில்லை, வாங்குகிறவர் தரகர். இத்தனைக்கும் ஒரு பிற்பகல் போதும். அந்தப் பிற்பகல் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத்தான் அதன் தகப்பனார் இருக்கிறாரே.