பழைய கோப்பும் புது ஆபீசும்

குமாரபாளையத்தில் எந்த ஜாப் டைப்பிங் கடையிலும் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கையில் பென் டிரைவோடு ஒருவர் வருவார். "அண்ணா, ஆடிட்டர் ஆபீஸ்ல தொறக்குதுங்க, நம்ம தறிக்கூடத்துல தொறக்க மாட்டேங்குதுங்க." பென் டிரைவ் மேல் ஒரு குறையும் இருக்காது. அங்கே கணினியில் புது மைக்ரோசாப்ட் ஆபீஸ், இங்கே 2003 ஆபீஸ்.

2007 பதிப்போடு மைக்ரோசாப்ட் கோப்பு வடிவத்தையே மாற்றியது. டாக் என்பது டாக்எக்ஸ் ஆயிற்று, எக்ஸ்எல்எஸ் என்பது எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆயிற்று. கடைசியில் ஒட்டிய அந்த எக்ஸ், எக்ஸ்எம்எல்லைக் குறிக்கும். பழையது அந்தந்த மென்பொருளுக்கென்று அமைந்த இரும வடிவம். புதியது ஒரு ஜிப் மூட்டை. எழுத்து, படம், எழுத்தளவு என்று உள்ளே தனித்தனிப் பொட்டலங்கள். புது ஆபீஸ் பழைய கோப்பைத் திறந்துவிடும். பழைய ஆபீசுக்குப் புதுக் கோப்பு தெரியாது. சிக்கல் முழுக்க இந்த ஒருவழிப் பாதையில்தான்.

செய்ய வேண்டியவை

• பழைய கோப்பைப் புது வடிவத்துக்கு மாற்றும்போது 'சேவ் ஆஸ்' கொடுத்து வேறு பெயரில் சேமியுங்கள். மூலக்கோப்பு இருந்த இடத்தில் இருந்தபடி இருக்கட்டும்.

• அனுப்பும் முன் எதிரில் இருப்பவரிடம் என்ன ஆபீஸ் என்று கேளுங்கள். பழைய ஆபீசில் புதுக் கோப்பைத் திறக்க மைக்ரோசாப்ட் ஓர் இணைப்பு மென்பொருளை இலவசமாகக் கொடுத்துவந்தது. 2018ல் அதை நிறுத்திவிட்டது. பார்க்க மட்டும்தான் என்றால் பிடிஎஃப் போதும். லிப்ரே ஆபீஸ் இலவசம்; பழையதையும் புதியதையும் திறக்கும்.

• கூலிக் கணக்கில் மேக்ரோ இருந்தால் எக்ஸ்எல்எஸ்எம் வடிவத்தில் சேமியுங்கள். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் மேக்ரோவை வைத்துக்கொள்ளாது. ஆபீஸ் எச்சரிக்கத்தான் செய்யும். நாம்தான் படிக்காமல் 'யெஸ்' அழுத்துகிறோம்.

• புதுக் கோப்பைப் பழைய வடிவத்துக்கு இறக்கினால் சூத்திரங்களைச் சரிபாருங்கள். சம்இஃப்ஸ் 2007ல் வந்தது. பழைய எக்செலில் முதலில் எண் சரியாகவே தெரியும். மறுபடி கணக்கிட்டதும் பிழை காட்டும்.

• தமிழ்க் கோப்பு என்றால் எழுத்துருவை முதலில் பாருங்கள். நம்மூரில் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். சங்கக் கடிதங்கள், பத்திர வரைவுகள், கல்யாணப் பத்திரிகைகள் என்று பல வருட வேலை பாமினியிலும் வானவில்லிலும் கிடக்கிறது. டாக்கை டாக்எக்ஸ் ஆக்கியதும் யூனிகோடு ஆகிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. ஆகாது. மாறியது மூட்டை மட்டும். உள்ளே சரக்கு பழையதுதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். தமிழக அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுவிட்டது. எழுத்துரு மாற்றி கொண்டு மாற்றுங்கள். மாற்றியபின் ஒற்றெழுத்தையும் கொம்பு போட்ட எழுத்தையும் ஒருமுறை கண்ணால் படித்துவிடுங்கள். மாற்றிகள் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

செய்யக்கூடாதவை

• கோப்பின் வால்பெயரை மட்டும் மாற்றி வடிவம் மாறிவிட்டதாக எண்ணாதீர்கள். எக்ஸ்எல்எஸ்ஸில் ஓர் எக்ஸ் சேர்த்தால் எக்செல் திறக்கவே மறுக்கும்.

• பெரிய கணக்கைப் பழைய வடிவத்தில் வளர்க்காதீர்கள். எக்ஸ்எல்எஸ்ஸில் ஒரு தாளுக்கு 65,536 வரிதான், எக்ஸ்எல்எஸ்எக்ஸில் 10,48,576. நூல் கடையில் நாளுக்கு 40 வரி ஏற்றினால், வருடம் 300 நாள் என்று வைத்தாலும் ஐந்தரை வருடத்தில் பழைய தாள் நிரம்பிவிடும். இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பே இதில் மாட்டியது. 2020 செப்டம்பர் கடைசியில் ஆய்வகங்கள் அனுப்பிய கொரோனா முடிவுகளை அங்கே பழைய எக்ஸ்எல்எஸ் வார்ப்புருவில் ஏற்றிவந்தார்கள். ஓர் ஆளுக்கே பல வரி பிடித்ததால் தாள் சீக்கிரம் நிரம்பியது. மிச்சம் சத்தமில்லாமல் விடுபட்டது. தொற்று உறுதியான 15,841 பேர் கணக்கில் சேராமல் போனார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமாயிற்று.

• 'சேவ் ஆஸ்' பட்டியலில் 'ஸ்ட்ரிக்ட்' என்று ஒன்று தெரியும். யாரும் கேட்காமல் அதைத் தொடாதீர்கள். பழைய பதிப்புகள் திணறும். அதன் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. 2006ல் ஓடிஎஃப் என்ற திறந்த வடிவம் உலகத் தரமாகிவிட்டது. மைக்ரோசாப்ட் தன் வடிவத்தையும் தரமாக்கக் கேட்டபோது, 2007 செப்டம்பரில் இந்தியா எதிர்த்து வாக்களித்தது. ஏற்கெனவே ஒன்று இருக்க இன்னொன்று எதற்கு என்ற கேள்வி அன்று உலகம் முழுக்க ஓடியது; நியாயமான கேள்விதான். ஆனாலும் 2008ல் அது தரமாயிற்று, ஸ்ட்ரிக்ட், டிரான்சிஷனல் என்று இரண்டு பிரிவாக. நாம் அன்றாடம் சேமிப்பது இரண்டாவது. எனக்கு ஓடிஎஃப் மேல்தான் பிரியம். என்ன செய்ய, ஆடிட்டர் எக்ஸ்எல்எஸ்எக்ஸ்தான் கேட்கிறார்.

• திறக்கவில்லை என்றதும் டாக்எக்ஸை அழித்துவிடாதீர்கள். நகல் எடுத்து, அதன் வால்பெயரை ஜிப் என்று மாற்றிப் பிரியுங்கள். 'வேர்டு' என்ற உறையில் 'டாகுமென்ட்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்தால் குறிகளுக்கு நடுவே உங்கள் வாசகம் கிடக்கும். அழகு போயிருக்கும், வாசகம் பெரும்பாலும் தப்பித்திருக்கும். இங்கே வால்பெயரை மாற்றுவது செல்லும், ஏனென்றால் அது முதலிலிருந்தே ஜிப்தான்.

• தறிக்கூடத்து மூலையில் பஞ்சு படிந்து நிற்கும் எக்ஸ்பி கணினியை அவசரப்பட்டு எடைக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு கணக்கின் கடைசி மொத்தத்தையும் அதிலிருந்து தாளில் அச்செடுங்கள். புது மெஷினில் திறந்து, மறுபடி கணக்கிடச் சொல்லி, அந்தத் தாளோடு ஒத்துப் பாருங்கள். ஒத்து வந்தபிறகு பழைய இரும்புக்காரரைக் கூப்பிடலாம், ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு.